ஒத்திகைக்குச் சொன்னது

அத்தியாயம் 14

"ரேடியோவைக் கொஞ்சம் குறை. காது அடைக்குது."

"குறைச்சா பாட்டே கேக்காதும்மா."

"எனக்குப் பாட்டு வேணாம். நீ ஏதாவது பேசு."

அக்கா குறைக்கவில்லை. அம்மாவின் முதுகில் வெந்நீரை ஊற்றி, சோப்பு நுரை வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குளியலறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அம்மா, மிச்ச இடத்தில் அக்கா. திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து, ஒட்டவைத்து, இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து காலைப்பொழுது இங்கேதான் தொடங்குகிறது.

அம்மா என்னவோ சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் அது விழவில்லை. "ம்" என்றாள் அக்கா.

அம்மா யாரிடம் இருப்பது என்று அக்காவும் தம்பியும் மல்லுக்கு நின்றது இப்போது பழைய கதை. தம்பி வீட்டுக்கு மாடிப்படி, அக்கா வீட்டுக்கு லிஃப்ட். லிஃப்ட் ஜெயித்தது. கப்பலில் வேலை பார்க்கும் அக்காவின் கணவர் ஃபோனில், "பார்த்துக்கலாம், விடு" என்றார். பார்க்கப் போவது யார் என்பதை அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அக்காவும் தம்பியும் ஒரே கல்லூரி, ஒரே துறை. உளவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்குத் தம்பி மனசைப் பற்றி நடத்துவான். அவர்கள் ஆசையாய்க் கேட்பார்கள். அக்கா புள்ளியியலும் ஆய்வு முறையும் நடத்துவாள். கணக்குக்குப் பயந்து இந்தப் படிப்புக்கு ஓடிவந்த பிள்ளைகள், அங்கேயும் கணக்கு வாசலை மறித்து நிற்கிறதே என்று அவளை முறைப்பார்கள்.

தம்பிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நாளைக் காலையில் தேர்வுக் குழு முன்னால் அவன் தன் ஆய்வை எடுத்து வைக்க வேண்டும். படுக்கையில் விழுந்த பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களின் மனச்சுமை, அதுதான் ஆய்வு. "என் பசங்க பழகறதுக்கு உன் தரவைக் குடேன்டா" என்று அக்கா போன வாரம்கூடக் கேட்டாள். அவன் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். வேலை பயத்தில் இருக்கிறான், பாவம் என்று விட்டுவிட்டாள்.

பகலில் துணைக்கு இருக்கும் பெண்மணி வந்து செருப்பைக் கழற்றியதும், அக்கா செருப்பை மாட்டினாள்.

"சாயந்திரம் சீக்கிரம் வருவியா?" என்றாள் அம்மா.

"வந்துடுவேம்மா."

"உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"வந்து கேக்கறேன்." லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

* * *

வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வக்கீல் என்று பெயர். வைத்தது அக்கா இல்லை, பிள்ளைகளே. எதைச் சொன்னாலும், "அதுக்கு ஆதாரம்?" என்று எழுந்து நிற்பாள். இன்னொரு பையன் மைக். அவன் ரகசியம் பேசினால் பக்கத்து வகுப்பில் சிரிப்பார்கள்.

அக்கா உள்ளே நுழைந்ததும் வக்கீல் கையில் ஒரு கட்டு ஜெராக்ஸோடு நின்றாள்.

"மேடம், நீங்க நிஜத் தரவு வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல? சார்கிட்ட நானே போய்க் கேட்டேன். அவரு யார்கூடவோ ஃபோன்ல இருந்தாரு, பென்டிரைவை அப்படியே நீட்டிட்டாரு. எல்லாருக்கும் காப்பி எடுத்துட்டேன்."

"எந்த சார்?"

"உங்க தம்பி சார்தான் மேடம்."

அக்காவுக்கு முகம் மலர்ந்தது. நான் கேட்டால் மழையைப் பற்றிப் பேசுகிறவன், பிள்ளைகள் கேட்டதும் கொடுத்துவிட்டானே என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தோடு மார்க்கரை எடுத்து எட்டு எண்களைப் பலகையில் எழுதினாள்.

71, 22, 25, 27, 24, 30, 26, 23.

"எட்டு வீடு. வீட்டுக்கு ஒருத்தர். பெத்தவங்களைப் பாத்துக்கறவங்க. எண்ணு ஏற ஏறச் சுமை ஜாஸ்தி. சராசரி சொல்லுங்க."

கால்குலேட்டர்கள் தட்டப்பட்டன. "முப்பத்தொண்ணு மேடம்."

"சரி. இப்ப எட்டு பேர்ல எத்தனை பேரு முப்பத்தொண்ணுக்கு மேல?"

"ஒரே ஒருத்தர்."

"அப்ப மத்த ஏழு பேரும் சராசரிக்குக் கீழ. இந்தச் சராசரி யாரைப் பத்திப் பேசுது?"

"யாரைப் பத்தியும் இல்ல மேடம்" என்றான் மைக். எல்லோரும் சிரித்தார்கள்.

"சரியாச் சொன்ன. வரிசையா நிக்க வச்சு நடுவுல யாருன்னு பாருங்க."

"இருபத்தஞ்சரை."

"அது கொஞ்சம் நேர்மையான எண். ஒருத்தர் எவ்வளவு தூரம் தள்ளிப் போனாலும் நடுவுல நிக்கறவரு அசைய மாட்டாரு. சராசரி அப்படி இல்ல. ஒருத்தர் இழுத்தா அந்தப் பக்கம் சாயும்."

எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தையும் கணக்குப் போட்டார்கள். பதினாறைத் தாண்டியது. எழுபத்தொன்றை மூடிவிட்டுப் போட்டால் மூன்றுகூட வரவில்லை.

"மேடம், அந்த எழுபத்தொண்ணைத் தூக்கிடலாம்" என்றான் மைக். "யாரோ ஓவரா ஃபீல் பண்ணி நிரப்பியிருக்காங்க. மொத்தத்தையும் கெடுக்குது."

"பிடிக்காத எண்ணை எல்லாம் தூக்கினா, மிஞ்சறது உனக்குப் பிடிச்ச பதில்தான். எண்ணு தனியா நிக்குதுன்னா, தட்டச்சுப் பிழையா, இல்ல நிஜமாவே அவங்க அப்படி இருக்காங்களான்னு பாக்கணும். எப்படிப் பாப்பீங்க?"

"அவங்க பேட்டியைப் படிக்கலாம்" என்றாள் வக்கீல்.

"படி. நீ வேணாம், மைக் படிக்கட்டும். கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

மைக் எழுந்தான். தொண்டையைச் செருமினான். பெஞ்சுகள் சிரித்தன.

"ஆள் ஒன்று. மூத்த மகன். தனியார் கம்பெனியில் கணக்காளர். படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்கிறார்." பக்கத்தைத் திருப்பினான். "'அவங்களைக் குளிப்பாட்டும்போது ரேடியோவைச் சத்தமா வைப்பேன். அவங்களுக்குப் பாட்டுப் பிடிக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க. அவங்க பேசறது என் காதுல விழக்கூடாதுன்னுதான் வைக்கறேன்.'"

அக்காவின் கையில் மார்க்கரின் மூடி இருந்தது. அதை மாட்டப் போனவள் அப்படியே நின்றாள்.

ஒருவேளை எல்லா வீட்டிலும் ரேடியோ வைப்பார்களாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் மைக் அடுத்ததைப் படித்துவிட்டான்.

"'அவங்க கூப்பிட்டா உடனே எழுந்திரிக்க மாட்டேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு கிடப்பேன். சில நாள் ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டாங்க. அப்ப ஒரு நிம்மதி வரும். அது என்ன நிம்மதின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் ஓடிப்போய்ப் பாப்பேன்.'"

கட்டட வேலைக்குக் கட்டிய சாரத்தின் மேல் உயரத்தில் நிற்கும்போது கீழே கட்டிய கயிறு ஒன்று அவிழ்ந்தால் காலுக்குத்தான் முதலில் தெரியும். தலைக்கு அப்புறம்தான் எட்டும். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"செம பேட்டி மேடம்" என்றான் மைக். "இதுக்கு என்ன தலைப்பு குடுக்கலாம்னு எனக்குத் தெரியும்."

பேட்டியைப் படித்து, அதிலிருந்து கருத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புக் கொடுக்க வேண்டும். அப்படிப் பழக்கியது அவளேதான். அவன் பலகைக்கு வந்து பெரிய எழுத்தில் எழுதினான்: தாய் சாகணும் என்ற ஆசை.

"ஆசைன்னு எங்க சொல்றாங்க?" என்றாள் அக்கா. "ஓடிப்போய்ப் பாப்பேன்னும்தானே சொல்றாங்க?"

"சொல்லாம சொல்றாரு மேடம்."

"எனக்கு ஒரு சந்தேகம்" என்று வக்கீல் எழுந்தாள். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுல ஒரு தப்பு இருக்கு. மேல மூத்த மகன்னு போட்டிருக்கு. ஆனா நாலாவது பக்கத்துல, பேட்டி எடுக்கறவரு சொல்றாரு பாருங்க. 'இது சும்மா ஒத்திகைதானே, கணக்குல வராது. மனசுல இருக்கறதைச் சொல்லுக்கா.' மகனைப் போய் யாராவது அக்கான்னு..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

பேட்டி எடுத்தது தம்பி சார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரே அக்கா என்பதும் தெரியும். ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு அது போய்ச் சேர்ந்ததை அக்கா பார்த்தாள். முன்வரிசையில் தலைகள் குனிந்தன, பின்னால் ஒருவன் தாளைக் கவிழ்த்து வைத்தான். மைக் மட்டும் பலகைப் பக்கத்தில், தான் எழுதியதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

ஓடிவிடலாம் என்று இருந்தது. கதவு மூன்றடி தூரத்தில்தான். ஆனால் ஓடினால் அதுவும் ஒரு தலைப்பாகிவிடும்.

"ஒத்திகைன்னா என்ன?" என்று கேட்டாள். "போன மாசம் நடத்தினேனே."

அக்கா வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"வக்கீல், நீ சொல்லும்மா."

"கேள்வியெல்லாம் புரியுதா, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கறதுக்கு, ஆய்வு தொடங்கறதுக்கு முன்னாடி சிலபேர்கிட்டக் கேட்டுப் பாக்கறது மேடம்."

"அதுல வாங்கின பதிலை என்ன செய்யணும்?"

"ஒதுக்கிடணும். ஆய்வுல சேர்க்கக் கூடாது."

"ஏன்?"

வக்கீலுக்குக் கண் கலங்கியிருந்தது. "அவங்க அதுக்குச் சம்மதிக்கல மேடம்."

"சரி. எல்லாரும் எழுதிக்குங்க."

எழுதினார்கள். பேனா ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. மணி அடித்ததும் கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. மைக் தங்கினான். அவனுக்கு அன்றைக்குத்தான் மெதுவாகப் பேசவும் வரும் என்று தெரிந்தது.

"மேடம், ஸாரி. நான் போர்டுல அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"நீ சரியாத்தான் எழுதின" என்றாள் அக்கா. "அழிச்சிட்டுப் போ."

* * *

துறையின் சோதனைக்கூடத்தில் தம்பி தனியாக இருந்தான். சுற்றிலும் அலமாரி, அலமாரி முழுக்கச் சோதனைப் பெட்டிகள், நிறுத்துக் கடிகாரங்கள், கண்ணாடியைப் பார்த்துக் கோடு வரைகிற கருவி. நடுவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கையை நீட்டி நீட்டி, காலி நாற்காலிகளுக்கு ஆய்வை விளக்கிக்கொண்டிருந்தான்.

"வாக்கா, வா. இந்த எழுத்து பின்னாடி இருந்து தெரியுதா பாரேன்."

"முதல்ல நிக்கற எழுபத்தொண்ணை எடுடா."

அவன் கை அந்தரத்தில் நின்றது. "எந்த எழுபத்தொண்ணு?"

"உனக்கு எத்தனை எழுபத்தொண்ணு இருக்கு?"

மடிக்கணினியைப் பாதி மூடினான். "யாரு குடுத்தா உனக்கு?"

"நீதான் குடுத்திருக்க. ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சாம். ஃபோன் பேசிக்கிட்டே பென்டிரைவை நீட்டினியாம்."

"அந்தப் பொண்ணா? அவ உன் வகுப்பா? நான் கவனிக்கவே இல்லக்கா, வேற வகுப்புக்குன்னு..."

"ஓ. எனக்குத் தெரியாம ஊரு சுத்தினா பரவால்ல. எனக்குத் தெரிஞ்சதுதான் தப்பு."

"ஐயோ, அப்படி இல்லக்கா. உன் பேரு இல்ல அதுல. வேலையை மாத்திட்டேன். உன்னை ஆம்பளையாவே மாத்திட்டேன்."

"மீசை வச்சியே, அக்காவை எடுத்தியாடா? 'சொல்லுக்கா'ன்னு அப்படியே விட்டிருக்க. என் வகுப்புல, என் முன்னாடி, ஒரு பையன் சத்தம் போட்டுப் படிச்சான். அம்மா சாகணும்னு ஆசைன்னு போர்டுல எழுதினான்."

தம்பி உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தூங்கிக்கொண்டிருக்கும்போது, தம்பி வந்தான். பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். "கேள்வித்தாள் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுக்கா, நீதான் இதுல புலி" என்றான். பார்த்தாள். நிரப்பியும் கொடுத்தாள். "பேட்டிக் கேள்வியையும் ஓட்டிப் பாப்போமா? எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தெரியணும்" என்றான். ஓட்டிப் பார்த்தார்கள். ஒத்திகைதானே என்று ஆரம்பித்தவள், யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னாள். கட்டினவனிடம் சொல்லாதது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லாதது. சொல்லி முடித்தபோது மூட்டையை இறக்கி வைத்த தோள்போல உடம்பே லேசாகிவிட்டது. தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அன்னைக்கு அழுதியேடா" என்றாள் இப்போது. "அது எதுக்கு? நல்ல தரவு கிடைச்சுதுன்னா?"

"அக்கா, அது நிஜமாத்தான் அழுதேன்."

"அழும்போதும் ஃபோன்ல பதிவு ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

அவன் மடிக்கணினியை முழுக்க மூடினான். "ஓடிக்கிட்டு இருந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பெஞ்சை இழுத்துக்கொண்டு போனார்கள். அக்கா போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"சேர்க்கணும்னு எடுக்கலக்கா. சத்தியமா. முதல்ல ஒத்துக்கிட்ட ஒருத்தரு கடைசி நேரத்துல விலகிட்டாரு. எட்டு வீடுன்னு குழுவுக்கு எழுதிக் குடுத்தாச்சு. ஏழோட போய் நின்னா என்ன ஆகும்?"

"ஏழுன்னு சொல்லியிருக்கணும். விலகறது அவரு உரிமை."

"பாடம் நடத்தாதக்கா."

"வேற என்ன வேலை எனக்கு? அதைத்தான் நடத்தறேன். நீயும் எங்கிட்டதான் படிச்ச."

அவன் எழுந்து நடந்தான். திரும்பினான். "மத்த ஏழு பேரும் என்ன சொன்னாங்க தெரியுமா உனக்கு? பெத்தவங்களுக்குச் செய்யறது பாக்கியம். ஏழு பேரும் ஒரே பாட்டு. ஒருத்தர் வாயில இருந்தும் ஒரு நிஜமான சொல்லு வரல. நீ ஒருத்திதான் உண்மை பேசின. உன்னுது இல்லன்னா இந்த ஆய்வே வெறும் கூடுக்கா."

"உண்மையை என் தம்பிகிட்டப் பேசினேன். ஆய்வாளர்கிட்ட இல்ல."

அவன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் விலகிக்கறேன்" என்றாள் அக்கா. "காரணம் சொல்லத் தேவையில்லன்னு உனக்கே தெரியும். என் எண்ணு, என் பேட்டி, ரெண்டையும் எடுத்துடு."

"உன்னுதை எடுத்தா அம்மாவோடதும் போயிடும்."

"அம்மாவோட என்னது?"

அவன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பாத்துக்கறவங்களை மட்டும் கேக்கலக்கா. படுத்திருக்கறவங்களையும் கேட்டிருக்கேன். ஒரே வீட்டுல ரெண்டு பேரும் என்ன சொல்றாங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுதான் ஆய்வே. ஜோடியில ஒண்ணு போனா இன்னொண்ணு செல்லாது. நீ காலேஜ்ல இருக்கும்போது போய் அம்மாகிட்டப் பேசினேன்."

"அம்மாகிட்டயும் ஒத்திகைன்னு சொன்னியா?"

"இல்ல. அவங்ககிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டி, சம்மதமான்னு கேட்டு, ஒழுங்காத்தான் எடுத்தேன்."

அங்கேதான் அக்காவுக்கு வலித்தது. இத்தனை நேரம் அவனுக்கு அவசரம், பயம், அறியாமை என்று ஒவ்வொரு காரணமாக அவளே தேடிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முறை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் முறையோடு கேட்டிருக்கிறான். அக்காவிடம் கேட்டால் முடியாது என்பாள் என்று தெரிந்துதான் கேட்காமல் எடுத்திருக்கிறான்.

தம்பி காதில் மாட்டும் ஒயரை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். "அம்மா உன்னைப் பத்திச் சொன்னதைக் கேளு. கேட்டுட்டு முடிவு பண்ணு. ஒரு நிமிஷம்தான்."

கை அவளை அறியாமல் நீண்டது. அம்மா என்ன சொல்லியிருப்பாள்? ரேடியோவைச் சொல்லியிருப்பாளா? கூப்பிட்டும் வராத பொழுதுகளைச் சொல்லியிருப்பாளா? அதெல்லாம் அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒயரின் நுனி விரலில் பட்டது. அதை மேசை மேல் வைத்தாள்.

"அது அவங்க உங்கிட்டச் சொன்னது. எனக்குன்னு சொல்லல."

"சரிக்கா." அவன் ஒயரைச் சுருட்டினான். "ரெண்டையும் எடுத்துடறேன். வேலை போனாப் போகட்டும்."

"அந்தத் துருப்புச்சீட்டைத் தூக்கி உள்ள வைடா. அது இன்னைக்கு எங்கிட்டச் செல்லாது."

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அடுத்த வகுப்புக்கு நேரமாகியிருந்தது.

* * *

அவள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பகல் துணைப் பெண்மணி பையை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். "இன்னைக்கு மத்தியானம் சரியாச் சாப்பிடலங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அம்மா தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில், கட்டில் மேல், அவளுடைய நல்ல துணி மடிப்பு பிரித்து விரித்திருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் அம்மா. ஊர்ப்பட்ட பேருடைய துணியை வெளுத்து மடித்தவள், தன்னுடைய நல்ல துணியை வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் பெரிய காரியம்.

"என்னம்மா இது, எங்க கிளம்பற?"

"காலையில சொல்ல வந்தேன், நீ நிக்கல. நாளைக்குத் தம்பி ஏதோ படிச்சுக் காட்டறானாம்ல, பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி. அதுல நான் பேசினதும் வருது. என்னையும் வரச் சொல்லியிருந்தான். சக்கர நாற்காலி அனுப்பறேன், முன்னாடி வரிசையில உக்காருன்னான்."

அக்கா கைப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். முன்வரிசையில் அம்மா. அவள் காது கேட்க அந்தப் பேட்டி. கணக்காளர், மூத்த மகன் என்று ஆயிரம் பூச்சு பூசினாலும், பெற்ற பிள்ளையின் பேச்சு பெற்றவளுக்குத் தெரியாதா? அம்மாவை அழைத்ததை அவன் சோதனைக்கூடத்தில் சொல்லவே இல்லை. அதையும் மறைத்துவிட்டான்.

"என்ன பேசினம்மா நீ?"

"அதைச் சொல்லக் கூடாதாமே. அவன் அப்படித்தான் வாசிச்சான், நானும் சரின்னு கையெழுத்துப் போட்டேன்." அம்மா துணியின் ஓரத்தை விரலால் நீவினாள். "நாற்பது வருஷம் வேலை பார்த்தேன். துணி வெளுத்திருக்கா, காஞ்சிருக்கான்னு கேட்டவங்கதான் எல்லாரும். உனக்கு என்ன தோணுதுன்னு என்னை உக்கார வச்சு ஒருத்தன் கேட்டது இதான் முதல் தடவை. நான் பெத்தவனே கேட்டான். நான் நிறுத்தி நிறுத்தி யோசிச்சுச் சொன்னேன். ஒவ்வொண்ணும் நானே யோசிச்சது."

அக்காவின் கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். தம்பி.

'ரெண்டையும் எடுத்துட்டேன். நாளைக்கு அம்மா வர வேண்டியதில்லை. அவங்ககிட்ட நீயே சொல்லிடு.'

மறுபடியும் படித்தாள். அம்மாவின் கண் ஃபோனில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது.

"யாரு?"

"தம்பிம்மா."

"என்னவாம்?"

நான்தான் எடுக்கச் சொன்னேன் என்றால், ஏன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவளிடம் இருக்கும் ஒரே பதிலை அம்மா ஒருநாளும் கேட்கக் கூடாது.

"நாளைக்கு அது நடக்கலையாம்மா. தள்ளிப் போட்டுட்டாங்களாம். யாரோ ஒருத்தருக்கு உடம்பு சரியில்லையாம்."

அம்மா தலையை ஆட்டினாள். துணியை எடுத்து மடியில் வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மடிக்க ஆரம்பித்தாள். சலவைக்கூடத்து மடிப்பு, சுருக்கம் விழாது. மடித்து முடித்துத் தலைமாட்டில் வைத்தாள்.

"எவ்வளவு நாள் தள்ளி?"

"தெரியலம்மா. சொல்றேன்னான்."

"ம்." அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "அவன் மத்தியானமே எங்கிட்டப் பேசிட்டான்."

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள்.

"உன் வாயால வரட்டும்னுதான், உன்னையே சொல்ல விடுன்னு அவன்கிட்டச் சொல்லிட்டு, பகல்ல வர்றவளை விட்டுத் துணியை எடுத்து வச்சேன். தள்ளிப் போச்சுங்கற."

"அம்மா..."

"அக்கா வேணாம்னுட்டா, அவ பேசினதை எடுக்கச் சொல்லிட்டா, அதனால நீ பேசினதும் போச்சும்மான்னான். நான் எதுவும் பண்ண முடியாதுன்னான். ஃபோன்லயே அழுதான்." அம்மாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அக்காவால் தாங்க முடியவில்லை. "நான் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ஊரே கேட்டாலும் எனக்கு வெக்கமில்ல."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னுதையும் சேத்து அழிக்கற அளவுக்கு, அப்படி என்னம்மா சொன்ன நீ?"